கூடைப்பந்து கண்ட ஜேம்ஸ் நெய்ஸ்மித்

நூலைக் கையினின்றும் இறக்காதவனே நன்மாணவன் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. மாலையில் மைதானம் செல்வோன் பொழுதை வீணாக்குவோன் என்று இகழப்படுதலும் உண்டு. சென்ற தேர்வுக் காலத்தில் யாமும் அவ்வாறே எண்ணி, அறைக்குள் அடைந்து கிடந்து, உறக்கமும் ஊக்கமும் ஒருங்கே இழந்தோம். படித்த பாட்டும் நினைவில் நில்லாதாயிற்று. இவ்வெண்ணத்தோடே கல்லூரி புகுந்து, பின் அதனைத் துறந்து, மாணவருலகிற்குப் பெருநன்மை புரிந்த ஒருவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1861-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 6-ஆம் நாள் கனடா நாட்டில் ஆல்மான்ட் என்னும் ஊரின் அருகே பிறந்தார். அவருக்கு ஒன்பது வயதளவில் தந்தையும் தாயும் விஷசுரத்தால் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். தாய்மாமன் இல்லத்தில் வளர்ந்த அவர், இடையிற் பள்ளியை விடுத்துக் காட்டில் மரம் வெட்டுந் தொழில் புரிந்தார்; பின்னர் மனந்திரும்பிப் பள்ளிக் கல்வியை முடித்து, 1883-இல் மான்ட்ரீல் நகரின் மக்கில் பல்கலைக்கழகம் சேர்ந்தார். இழந்த ஆண்டுகளை ஈடுசெய்யும் வேட்கையால் ஓயாது கற்றார். ஒருநாள் மேல்வகுப்பு மாணவர் இருவர் அவர் அறைக்கு வந்து, நூலே கதியெனக் கிடத்தல் நன்றன்று என அன்போடு கண்டித்து, உடற்பயிற்சிச் சாலைக்கு அழைத்தனர். முதலில் மறுத்தவர், தனித்திருந்து சிந்தித்தபின் அவர்கள் கூற்றை மெய்யெனக் கொண்டார்.

1887-இல் பட்டம் பெற்று, போதகராகும் நோக்கத்தோடு இறையியல் பயிலத் தொடங்கினார். அப்பொழுதும் ஆட்டத்தை விட்டாரல்லர். ஊழியத்திற்குச் செல்வோர்க்கு விளையாட்டுத் தகாது எனக் கருதியோர் பலர். ஒருமுறை ஆட்டத்திற் பட்ட அடியாற் கன்றிய கண்ணோடு பிரசங்கபீடம் ஏறினார். மற்றொரு நாள் ஆட்டத்தினிடையே சினந்து தீச்சொல் உரைத்த தோழர் ஒருவர், அருகில் இவர் நிற்றலைக் கண்டு நாணி மன்னிப்பு வேண்டினார். இவரோ அத்தோழரை ஒருபோதும் கண்டித்ததில்லை. பிரசங்கத்தாலன்றி உடன் ஆடுதலாலும் இளைஞர் உள்ளத்தைத் திருத்தலாகும் என்று அன்று உணர்ந்தார். உறவினர் மனம் வருந்தவும், 1890-இல் இறையியற் கல்வியை முடித்து, அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியை அடைந்தார்.

அங்கே மாரிக்காலத்தில் மாணவர் வெளியே ஆட இயலாது. உள்ளிருந்து கைகால் அசைக்கும் பயிற்சிகளை அவர்கள் அறவே வெறுத்தனர். ஆசிரியர் இருவர் அவ்வகுப்பை நடத்தவியலாது கைவிட்டனர். உடல் அசைந்தும் உள்ளம் மகிழாவிடின் பயிற்சி தண்டனையாகும் என்பதை நெய்ஸ்மித் கண்டார். புதியதோர் ஆட்டம் காண அவருக்குத் தலைவர் லூதர் கூலிக் அளித்த தவணை பதினான்கு நாள். பந்தைக் கையிலேந்தி ஓடுதல் கூடாது என விதித்தால், ஓடுவோனைப் பற்றித் தள்ளும் முரட்டுத்தனம் ஒழியும் எனத் துணிந்தார். பீச் பழக்கூடைகள் இரண்டினைப் பத்தடி உயரத்தில் அறைந்து, 13 விதிகளை எழுதி ஒட்டினார். 1891 டிசம்பரில் அவ்வகுப்பு மாணவர் 18 பேரும், பக்கத்திற்கு ஒன்பதின்மராக, முதன்முதல் ஆடினர். கூடைக்கு அடியுண்டாதலின், பந்து விழுந்தால் ஏறி எடுத்தல் வேண்டும். அன்று கூடையில் விழுந்தது ஒரே பந்து. எனினும் சோர்ந்திருந்த வகுப்பு உயிர்பெற்றது.

1898-இல் மருத்துவப் பட்டமும் பெற்று, கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் வழிபாட்டிற்கும் உடற்பயிற்சிக்கும் ஒருங்கே பொறுப்பேற்றார். அவர் பயிற்றிய கூடைப்பந்துக் குழு வென்ற ஆட்டம் 55; தோற்றவை 60. வெற்றியினும் நன்னடையையே அவர் பெரிதாக மதித்தார். கறுப்பினத்தவராதலின் பல்கலைக்கழகக் குழுவில் இடம் மறுக்கப்பட்ட ஜான் மக்லெண்டன் என்னும் மாணவருக்கு அவரே வழிகாட்டியாயினார். அம்மாணவர் பிற்காலத்திற் புகழ்பெற்ற பயிற்சியாளராயினார். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் விழாவில் தம் ஆட்டம் இடம்பெறக் கண்ட நெய்ஸ்மித், 1939 நவம்பர் 28-ஆம் நாள் லாரன்ஸ் நகரில் இயற்கை எய்தினார்.

ஸ்பிரிங்ஃபீல்டிற் பயின்ற ஹாரி குரோ பக் என்பார் 1920-இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரி நிறுவினார். அவ்வழியே அப்பயிற்சி மரபு நம் நாட்டிற்கும் உரியதாயிற்று.

தோழர்களே, அறையிற் சோர்ந்திருக்கும் ஒருவனைக் கதவு தட்டி அழைத்தலும் ஓர் ஊழியமே. மக்கில் மாணவர் இருவர் அன்று அதனைச் செய்தனர். எம் கதவையும் ஒரு நண்பர் தட்டினார். இப்பொழுது யாம் மாலை ஐந்து மணிக்கு நூலை மூடி மைதானம் செல்கின்றோம். கூடையில் பந்து விழுவது அரிதேனும், இரவில் உறக்கம் வருகின்றது. காலையிற் பாட்டும் நினைவில் நிற்கின்றது.