கருங்காய்ச்சலுக்கு மருந்து கண்ட இந்திய மருத்துவர்: உபேந்திரநாத் பிரம்மச்சாரியின் வாழ்க்கை

கொல்கத்தா: மண்ணீரலையும் கல்லீரலையும் வீங்கச் செய்து, உடலை உருக்கி, சிகிச்சை பெறாதோரில் ஏறத்தாழ அனைவரையும் பலிகொண்ட நோய் கருங்காய்ச்சல். வட இந்தியாவில் காலா அசார் என்று அழைக்கப்படும் இந்நோய்க்கு, குழாய் நீர்கூட இல்லாத ஒரு சிற்றறையில் மருந்து கண்டறிந்தவர் டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்ட இவரது பெயர், வங்கத்துக்கு வெளியே இன்று பலருக்குத் தெரியாது.

வேதியியலும் மருத்துவமும்

1873ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் தேதி பிறந்தவர் உபேந்திரநாத். வங்கத்தின் பர்த்வான் மாவட்டத்தைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பம். தந்தை நீல்மணி பிரம்மச்சாரி, பீகாரின் ஜமால்பூரில் ரயில்வே மருத்துவராகப் பணியாற்றினார். ஜமால்பூர் ரயில்வே பள்ளியில் பயின்ற உபேந்திரநாத், ஹூக்ளி கல்லூரியில் 1893இல் இளங்கலைப் பட்டம் பெற்றார்.

பின்னர் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு மருத்துவம் பயின்றார். 1900இல் மருத்துவப் பட்டம், 1902இல் எம்.டி. பட்டம் பெற்றார். ரத்தச் சிவப்பணுக்கள் சிதைவது குறித்த ஆய்வுக்காக 1904இல் முனைவர் பட்டமும் பெற்றார். நோயாளியைப் பரிசோதிக்கும் மருத்துவரும், சோதனைக் குடுவையைக் கையாளும் வேதியியலாளரும் ஒருவரிடமே இணைந்திருந்ததுதான் பிற்காலக் கண்டுபிடிப்புக்கு அடித்தளமாயிற்று.

கிராமங்களைக் காலி செய்த காய்ச்சல்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்கத்திலும், அசாமின் பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கிலும் கருங்காய்ச்சல் அலை அலையாகப் பரவியது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ரத்த சோகை, கருமை படியும் தோல், மெலிந்த கைகால்களுக்கு நடுவே பானைபோல் பருத்த வயிறு ஆகியவை இதன் அடையாளங்கள். முதலில் இதை மலேரியாவின் ஒரு வகை என்றே மருத்துவர்கள் கருதினர். ஆனால் மலேரியாவுக்குப் பலன் தந்த கொய்னா மருந்து இங்கே பலன் தரவில்லை.

1903இல் இந்தப் புதிர் விலகியது. டம்டம் முகாமில் பணியாற்றிய ஒரு படைவீரரின் மண்ணீரலில் வில்லியம் லீஷ்மன் கண்ட ஒட்டுண்ணியை, அதே ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவனும் தனியே கண்டறிந்தார். இருவரையும் போற்றும் வகையில் அந்த ஒட்டுண்ணிக்கு லீஷ்மேனியா டோனவனி என்று பெயர் சூட்டினார் ரொனால்டு ராஸ்.

உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்களுக்குள்ளேயே இந்த ஒட்டுண்ணி குடிபுகுந்து பெருகுகிறது. அத்தகைய அணுக்கள் மிகுந்துள்ள மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவையே முதலில் பாதிக்கப்படுகின்றன. மஜ்ஜை பாதிக்கப்படுவதால் ரத்த அணுக்கள் குறைந்து, வேறு தொற்றுகள் எளிதில் தாக்க, நோயாளி உயிரிழக்கிறார். மணல் ஈயின் கடியால் இது பரவுகிறது என்பது 1942இல்தான் ஐயமற நிறுவப்பட்டது.

மண்ணெண்ணெய் விளக்கொளியில் ஆய்வு

அரசு மருத்துவப் பணியில் சேர்ந்து டாக்காவில் சில ஆண்டுகள் கற்பித்த பிரம்மச்சாரி, 1905இல் கல்கத்தாவின் கேம்பெல் மருத்துவப் பள்ளிக்கு மாற்றப்பட்டார். இன்றைய நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி அதுவே. பகலில் வகுப்புகளையும் வார்டு பணியையும் முடித்த பிறகே ஆய்வுக்கு நேரம் கிடைத்தது. எரிவாயு இணைப்போ, குழாய் நீரோ இல்லாத அறையில், இரவில் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அவர் பணிபுரிந்தார்.

கண்ணுக்கு இடும் அஞ்சனம் செய்யப் பயன்பட்ட அஞ்சனக்கல்லில் இருந்து கிடைக்கும் உலோகம் ஆண்டிமனி. அதன் உப்பு ஒன்று கருங்காய்ச்சல் ஒட்டுண்ணியைக் கொல்கிறது என்பது 1915இல் இத்தாலியிலும் கல்கத்தாவிலும் தெரியவந்தது. எனினும் மாதக்கணக்கில் ஊசி போட வேண்டியிருந்தது. வாந்தி, இருமல் போன்ற பக்கவிளைவுகளும் கடுமையாக இருந்தன. பலர் சிகிச்சையைப் பாதியில் கைவிட்டனர்.

ஆண்டிமனியின் நச்சுத்தன்மையைக் குறைத்து, ஒட்டுண்ணியைக் கொல்லும் ஆற்றலை மட்டும் தக்கவைக்க முடியுமா என்பதே பிரம்மச்சாரி எடுத்துக்கொண்ட கேள்வி. ஆர்சனிக் எனும் நச்சுப்பொருளைக் கரிமச் சேர்மமாக மாற்றி, மேகநோய்க்கு மருந்தாக்கியிருந்தார் ஜெர்மனியின் பால் எர்லிக். தனிம அட்டவணையில் ஆர்சனிக்கும் ஆண்டிமனியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எனவே அதே வழி இங்கும் பயன்படக்கூடும் என்று அவர் கருதினார்.

இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகத்தின் உதவி கிடைத்த பின்னர் பணி வேகம் பெற்றது. ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்மங்களைத் தயாரித்துச் சோதித்த அவர், 1920இல் யூரியாவுடன் இணைந்த ஆண்டிமனி சேர்மம் ஒன்றை உருவாக்கினார். அதற்கு யூரியா ஸ்டிபமைன் என்று பெயரிட்டார். கேம்பெல் மருத்துவமனை நோயாளிகளுக்கு அதைச் செலுத்திக் கிடைத்த பலன்கள் 1922இல் இந்திய மருத்துவ ஆய்விதழில் வெளியாகின. மாதக்கணக்கில் நீண்ட சிகிச்சை, சில வாரங்களாகச் சுருங்கியது.

காலம் தாழ்ந்த பலன்

ஆயினும் ஆய்விதழில் வெளியான மருந்து, நோயாளியின் படுக்கையை அடையக் காலம் பிடித்தது. வங்கக் குழந்தை இலக்கியத்தின் தலைசிறந்த எழுத்தாளரான சுகுமார் ராய், 1923 செப்டம்பரில் கல்கத்தாவிலேயே கருங்காய்ச்சலால் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 35. அவருடைய மகனும் பிற்காலத் திரைப்பட இயக்குநருமான சத்யஜித் ராய்க்கு இரண்டு வயது. புதிய மருந்து அப்போது பரவலான பயன்பாட்டுக்கு வந்திருக்கவில்லை.

ஷில்லாங் பாஸ்டர் நிறுவனம் மருந்தைச் சோதித்து அதன் பயனை உறுதி செய்தது. அதைத் தொடர்ந்து அசாமில் பெருமளவில் சிகிச்சை அளிக்கப்பட்டது. அம்மாநிலத்தில் மட்டும் சுமார் 3 லட்சம் உயிர்கள் காப்பாற்றப்பட்டதாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது.

1922இல் பிரம்மச்சாரி மற்றொரு முக்கியச் செய்தியையும் பதிவு செய்தார். கருங்காய்ச்சல் குணமான சிலரின் தோலில் பின்னாளில் திட்டுகளும் முடிச்சுகளும் தோன்றுவதையும், அவற்றில் அதே ஒட்டுண்ணி இருப்பதையும் அவர் கண்டறிந்தார். நலமாக நடமாடும் இத்தகையோரிடம் இருந்தும் மணல் ஈக்கள் வழியே நோய் பரவ முடியும் என்பதால், நோய் ஒழிப்புத் திட்டங்கள் இன்றளவும் இவர்களைத் தேடிக் கண்டறிகின்றன.

கிடைத்ததும் கிடைக்காததும்

1924இல் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கமும், 1934இல் சர் பட்டமும் பிரம்மச்சாரிக்கு வழங்கப்பட்டன. 1936இல் இந்தூரில் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பின்னரும், தாம் நிறுவிய பிரம்மச்சாரி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியைத் தொடர்ந்தார். கல்கத்தாவில் ரத்த வங்கி உருவாகவும் பாடுபட்டார்.

1929இல் மருத்துவ நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. அவ்வாண்டுப் பரிசு, வைட்டமின் ஆய்வுக்காக எய்க்மன், ஹாப்கின்ஸ் ஆகிய இருவருக்குச் சென்றது. லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதியும் இறுதிவரை அவருக்குக் கிட்டவில்லை. 1946ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் தேதி, நாடு விடுதலை பெறுவதற்குச் சுமார் ஒன்றரை ஆண்டுக்கு முன்பு அவர் காலமானார்.

இன்றைய நிலை

யூரியா ஸ்டிபமைனுக்குப் பின்னர் வேறு ஆண்டிமனி மருந்துகள் வந்தன. 1990களில் பீகாரின் பல பகுதிகளில் அவற்றுக்கும் ஒட்டுண்ணி கட்டுப்படாமல் போனது. தற்போது லிப்போசோமல் ஆம்போடெரிசின்-பி மருந்து ஒரே தவணையாக ரத்த நாளத்தில் செலுத்தப்படுகிறது.

பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகிய 4 மாநிலங்களில் உள்ள 633 வட்டாரங்கள் இந்நோய் நிலவும் பகுதிகளாக அடையாளம் காணப்பட்டுள்ளன. ஒவ்வொரு வட்டாரத்திலும் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவாக நோயாளிகளின் எண்ணிக்கையை வைத்திருப்பதே ஒழிப்புக்கான அளவுகோல். நோய் குறைந்ததும் கண்காணிப்பைத் தளர்த்தினால் அது மீண்டும் தலைதூக்கும் என்பது கடந்த நூற்றாண்டில் கண்ட பாடம் என்பது குறிப்பிடத்தக்கது.