தீயின் வலியை அளந்த சாடி கார்னோ

அறிஞர் சிலர் வாழுங் காலத்திலேயே புகழெய்துகின்றனர். வேறு சிலரோ, தாம் விதைத்த வித்து முளைக்குமுன்னரே மறைந்துவிடுகின்றனர். இப் பின்னவருள் வைத்தெண்ணத்தக்கவர் பிரான்சு நாட்டுச் சாடி கார்னோ.

1796 ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதி பாரிசு நகரில் அவர் பிறந்தார். புரட்சிக் காலப் படைகளை ஒழுங்குசெய்து வெற்றிக்கு வழிவகுத்த லசார் கார்னோவே அவர் தந்தையார். கணிதத்திலும் வல்லவரான அவர், பாரசீகக் கவிஞர் சாதியின்மீது கொண்ட ஈடுபாட்டால் மகனுக்கு அப்பெயரைச் சூட்டினார். பதினாறாம் வயதில் பாரிசுப் பல்தொழிற் கல்லூரியிற் சேர்ந்த சாடி, பின்னர்ப் படையிற் பொறியியலாளரானார். 1815 இல் நெப்போலியன் வீழ்ந்தான். தந்தையார் நாடு கடத்தப்பட்டார். மகனின் உயர்வுக்கும் அத்துடன் வழியடைபட்டது.

இங்கிலாந்தின் வலிமைக்கு நீராவிப் பொறியே ஆணிவேர் என்பதைக் கார்னோ உணர்ந்தார். பொறி செய்வோர் பட்டறிவு கொண்டே அதனைத் திருத்திவந்தனர். எரிக்கும் நிலக்கரியிலிருந்து பெறக்கூடிய வேலைக்கு இயற்கை வகுத்த எல்லை உண்டோ? இதுவே கார்னோவின் உள்ளத்தைப் பற்றிய வினா.

1824 இல், தீயின் இயக்கு வலுவை ஆராயும் 118 பக்க நூலொன்றைத் தம் செலவிலேயே அவர் வெளியிட்டார். மேலிருந்து வீழும் நீரே சில்லைச் சுழற்றும். தேங்கிய குளத்து நீர் எத்துணை மிகுதியாயினும் சுழற்றாது. வெப்பமும் அத்தகையதே. சூடான கொதிகலனிலிருந்து குளிர்ந்த ஒடுக்கிக்கு இறங்கும்போதே அது வேலை செய்யும். பெறக்கூடிய வேலையின் எல்லையை அவ்விரு வெப்பநிலைகளே வகுக்கும். நீராவியோ காற்றோ என்பது பொருட்டன்று. பின்வந்தோர் வகுத்த கணக்கின்படி, 100 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையே இயங்கும் குறையற்ற பொறியும் நூற்றில் 19 பங்கிற்குக் குறைவாகவே வேலை தரும். எஞ்சிய வெப்பத்தைக் குளிர்ந்த பக்கத்திற்கு விட்டே ஆகவேண்டும்.

நூலைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. அதில் வழுவும் ஒன்றிருந்தது. வெப்பம் அழியாத பாய்பொருள் என்னும் அக்காலக் கொள்கையையே அவர் அடிப்படையாகக் கொண்டிருந்தார். பின்னர் அதனை ஐயுற்று, வெப்பமும் இயக்கமும் ஒன்றே எனத் தம் குறிப்புக்களில் எழுதிவைத்தார். அவை அச்சேறுமுன், 1832 ஆகத்து 24 இல், வாந்திபேதி அவரைக் கொண்டுசென்றது. அப்போது வயது முப்பத்தாறே. தொற்றுக்கு அஞ்சி அவர் உடைமைகளும் தாள்களும் பெரும்பாலும் எரிக்கப்பட்டன. தப்பிய குறிப்புக்களைத் தம்பியார் 1878 இல் வெளியிட்டார்.

1834 இல் கிளாப்பெய்ரோன் என்னும் பொறியியலாளர் கார்னோவின் கருத்தைக் கணித வடிவில் விளக்கினார். அதனைக் கற்ற இளைஞர் வில்லியம் தொம்சன், 1845 இல் பாரிசு நகர்ப் புத்தகக் கடைகளெங்கும் மூலநூலைத் தேடியும் காணாது திரும்பினார். அவரும் செருமானிய அறிஞர் கிளோசியசும் வழுவைக் களைந்து, வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதியை நிலைநாட்டினர். வெப்பம் தானாகக் குளிர்ந்ததிலிருந்து சூடானதற்கு ஏறாது என்பது அவ்விதி. 1865 இல் கிளோசியசு அதற்குரிய அளவை எந்திரப்பி எனப் பெயரிட்டார். புறத்தொடர்பற்ற தொகுதியொன்றில் அது ஒருபோதும் குறைவதில்லை.

எரிந்த தாள் சாம்பரிலிருந்து மீளாது. கார்னோ கண்ட வழியிற் பிறந்த விதி கூறுவதும் அதுவே. அவர் ஏடுகளிற் பலவற்றைத் தீ உண்டது. தீயின் வலிக்கு அவர் கண்ட எல்லையோ இன்றும் எப்பொறியாலுங் கடக்கப்படாது நிற்கின்றது.