கிரிவலம் கிளம்பும் முன் இந்த டாக்டரைத் தெரிஞ்சுக்கோங்க: வேலூர் மேரி வர்கீஸின் கதை

கார்த்திகை தீபம் நெருங்கினாலே திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலப் பாதை நிரம்பி வழியும். அதில் பாதிக்கு மேல் நடக்காமலே வருஷத்தை ஓட்டிய கால்களாகத்தான் இருக்கும். ஆபீஸ் நாற்காலி, ஸ்கூட்டி, கிச்சன், சோபா… இதற்கு நடுவில் திடீர்னு ஒரு ராத்திரி, வெறுங்காலோடு, தார் ரோட்டில் மூணு நாலு மணி நேர நடை.

மனசுக்கு அது வழிபாடு. முழங்காலுக்கு அது ஒரு சீசன் விளையாட்டு மாதிரிதான். பயிற்சியே இல்லாமல் மாரத்தானில் இறங்கியவர் எப்படித் தவிப்பாரோ, அப்படித்தான் மறுநாள் காலையில் நம்ம காலும் தவிக்கும்.

உடம்பை ஒரு வேலைக்குப் படிப்படியாகப் பழக்குவது எப்படி? இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையையே பதிலாகக் கொடுத்த ஒரு பெண் டாக்டர், இங்கிருந்து சுமார் 80 கி.மீ. தூரத்தில் வேலூரில் வாழ்ந்தார். பெயர், மேரி வர்கீஸ்.

ஒரே நாளில் மாறிய வாழ்க்கை

மேரி பிறந்தது 1925-ல், கேரளாவில் கொச்சி பக்கத்தில் இருக்கும் செராய் கிராமத்தில். டாக்டர் படிப்புக்காக வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். பெண்களை டாக்டராக்க ஐடா ஸ்கடர் 1918-ல் தொடங்கிய கல்லூரி அது. படித்து முடித்து, அங்கேயே வேலையும் பார்த்துக்கொண்டிருந்த நேரம். 1954-ல், கூட வேலை பார்ப்பவர்களோடு வெளியே கிளம்பிய ஒரு பயணத்தில் வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயம். அதைவிடப் பெரிய அடி முதுகுத்தண்டில். இடுப்புக்குக் கீழே அசைவு நின்றுபோனது. அப்போது அவருக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை.

இன்னிக்கு மாதிரி ஊருக்கு நாலு பிசியோதெரபி சென்டர் இருந்த காலம் இல்லை அது. முதுகுத்தண்டு பாதித்தவர் என்றால் மிச்ச வாழ்க்கை கட்டிலோடுதான் என்று குடும்பமே முடிவு கட்டிவிடும். மேரியும் மாதக்கணக்கில் படுக்கையில் இருந்தார். உட்கார்வதையே மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கால் வேலை செய்யாதபோது உடம்பைத் தூக்கி நகர்த்துவது தோளும் கையும்தான். அதனால் முதலில் அவை வலுவாகணும். ஒரே இடத்தில் அழுந்தி உட்கார்ந்தால் தோலில் புண் வரும், அது உணர்வில்லாத இடத்தில் தெரியவே தெரியாது. அதனால் அடிக்கடி எடையை மாற்றி உட்காரும் பழக்கம் வரணும். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். ஆனா உயிரைக் காப்பாற்றுவது இந்தச் சின்ன விஷயங்கள்தான்.

வீல்சேரில் இருந்தே ஆபரேஷன்

அதே சி.எம்.சி.யில் அப்போது தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையில் சரிசெய்துகொண்டிருந்தவர் டாக்டர் பால் பிராண்ட். கை ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம். அவர் கொடுத்த ஊக்கத்தில் மேரி மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார், இந்த முறை வீல்சேரில்.

அங்கே தினமும் கண் முன்னால் ஒரு பாடம் நடந்தது. நல்ல நிலையில் இருக்கும் ஒரு தசையின் தசைநாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு இணைப்பார்கள். தையல் போட்டதும் கை வேலை செய்துவிடாது. இதுவரை ஒரு வேலை செய்துவந்த தசைக்குப் புது வேலையைச் சொல்லிக்கொடுக்கணும். வாரக்கணக்கில் பிசியோதெரபிஸ்ட் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி நீட்டிப் பழக்கினால்தான் அந்தக் கை சாப்பாட்டைப் பிசையும், தண்ணீர்க் குடத்தைப் பிடிக்கும். ஆபரேஷன் பாதி, பயிற்சி மீதி.

தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்வது பெரும்பாலும் உணர்வு போனதால்தான் என்று பிராண்ட் காட்டினார். வலி தெரியாததால் சுட்டுக்கொள்வார்கள், கீறிக்கொள்வார்கள், கவனிக்காமல் விடுவார்கள். இந்தப் பாடம் கிரிவலத்துக்கும் பொருந்தும். நீண்டகாலச் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போன அம்மாவோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், வெறுங்கால் நடை அவர்களுக்கு ஆபத்து. கல் குத்தினாலும் கொப்புளம் வந்தாலும் தெரியாது. டாக்டரைக் கேட்காமல் கிளம்ப விடாதீங்க. நடந்துவிட்டு வந்தால் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்க.

பெர்த், நியூயார்க், மறுபடியும் வேலூர்

அடுத்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மேரி மறுவாழ்வுப் பயிற்சி எடுத்தார். அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் தன் வேலையைத் தானே பார்க்கும் நம்பிக்கை அங்கே உறுதியானது. இது எல்லோருக்கும் கிடைக்கணுமே என்ற எண்ணம் அவரை நியூயார்க் வரை கொண்டுபோனது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்துப் பெயர் பெற்ற டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் மேற்படிப்பு படித்தார்.

விரும்பியிருந்தால் அங்கேயே தங்கியிருக்கலாம். லிஃப்ட், சாய்தளம் என்று வீல்சேருக்கு வசதியான ஊர். ஆனா 1960-களின் தொடக்கத்தில் வேலூருக்கே திரும்பி, சி.எம்.சி.யின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இந்த வகையில் முன்னோடி நிலையம் அது. நோயாளியோடு வீட்டு ஆளும் தங்கிக் கற்றுக்கொள்வது அங்கே முக்கியம். ஏன்னா பயிற்சி ஆஸ்பத்திரியோடு முடிவதில்லை, வீட்டில்தான் தொடரணும். 1972-ல் மேரிக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் அவர் காலமானார்.

விளையாட்டும் மருந்துதான்

மறுவாழ்வு மருத்துவமும் விளையாட்டும் ஆரம்பத்திலிருந்தே கைகோத்து வந்தவை. 1948-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில், டாக்டர் லுட்விக் குட்மன் வீல்சேரில் இருப்பவர்களுக்கு வில்வித்தைப் போட்டி வைத்தார். கலந்துகொண்ட 16 பேரில் 2 பேர் பெண்கள். பாராலிம்பிக்ஸின் விதை அதுதான். மேரி உருவாக்கிய வேலூர் நிலையத்திலும், சிகிச்சை முடித்துப் போனவர்கள் திரும்பி வந்து கூடும் ரிஹாப் மேளாவில் விளையாட்டுப் போட்டிகள் நடக்கின்றன.

அப்போ நாம என்ன செய்யணும்?

மேரி தன் உடம்புக்கும் நோயாளிகளுக்கும் கடைப்பிடித்த வழி ஒன்றுதான்: இன்றைக்கு முடிந்ததில் ஆரம்பி, மெதுவாக ஏற்று. கிரிவலமோ, லீவில் போகும் டிரெக்கிங்கோ, ஆபீஸ் ஸ்போர்ட்ஸ் டேயோ, இதே வழிதான்.

* 14 கி.மீ. நடக்கப்போறீங்கன்னா ஆறு வாரம் முன்னாடியே ஆரம்பிங்க. முதல் வாரம் 2 கி.மீ. போதும். பிறகு வாராவாரம் கொஞ்சம் கூட்டுங்க.
* நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்க, 10 தடவை. சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குங்க, 10 தடவை. முன்தொடையும் கெண்டைக்காலும் வலுவானால் முழங்கால் மேல் விழும் பாரம் குறையும்.
* தினமும் செருப்போடு நடக்கும் பாதம் ஒரே ராத்திரியில் வெறுங்காலுக்குப் பழகாது. மொட்டைமாடியில் தினமும் சில நிமிஷம் பழக்குங்க.
* மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு மூட்டுத் தேய்மானம் அதிகம். சமீபத்தில் குழந்தை பெற்றவர்களுக்கு இடுப்பு, அடிவயிற்றுத் தசைகள் வலுப்பெற நேரம் வேணும். இந்த ரெண்டு கட்டத்திலும் பிசியோதெரபிஸ்ட்டை முன்னாடியே பார்ப்பது நல்லது.
* நடந்த மறுநாள் தசை வலித்தால் பயப்படாதீங்க, ரெண்டு மூணு நாளில் போயிடும். மூட்டு வீங்கினாலோ, சுரீர்னு குத்தினாலோ, முழங்கால் மடங்காமல் பிடித்துக்கொண்டாலோ நடையை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

வீட்டில் எல்லோருடைய வலியையும் கவனிக்கும் பெண்கள், தன் முழங்காலைத் தைலம் தேய்த்துச் சமாளித்துக்கொள்வதுதான் வழக்கம். பிசியோதெரபி அடிபட்டவங்களுக்கு மட்டும்தான் என்ற நினைப்பும் இருக்கு. அடிபட்ட பிறகு அதைத் தேடி மேரி கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அடிபடுவதற்கு முன்பே அதைக் கேட்டுக்கொள்ளும் வசதி நமக்குப் பக்கத்துத் தெருவிலேயே இருக்கு. இந்தத் தீபத்துக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா, பஸ் டிக்கெட் புக் பண்ணும்போதே அவங்க முழங்காலைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்க.