வைரமும் சக்கரமும்: ஆபிரகாம் லூயி பிரெகேயின் வாழ்க்கை

வைரம் பதித்த கைக்கடிகாரம் ஒன்று ஒரு வீட்டின் விலைக்கு விற்கப்பட்டது என்று படித்தால் இன்று யாரும் பெரிதாக வியப்பதில்லை. கல்லுக்கு ஒரு விலை, பொன்னுக்கு ஒரு விலை, பெயருக்கு ஒரு விலை என்று கூட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் பழங்கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்பவர்களின் உலகத்தில் மிக உயர்வாக மதிக்கப்படும் சில கடிகாரங்களில் ஒரு கல்கூட வெளியே தெரியாது. வெள்ளி முகப்பு, நீல நிற முட்கள், அவ்வளவுதான். அவற்றைச் செய்தவர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஆபிரகாம் லூயி பிரெகே.

இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள நூஷாத்தெல் நகரில் 1747 ஜனவரி 10-ஆம் நாள் பிரெகே பிறந்தார். பதினொரு வயதில் தந்தையை இழந்தார். தாய் மறுமணம் செய்துகொண்ட ஜோசப் தாத்தே கடிகாரத் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். சிறுவனுக்கு அந்தத் தொழிலில் தொடக்கத்தில் நாட்டம் இல்லை என்பார்கள். எப்படியோ, 1762-இல் பதினைந்து வயதில் பிரான்சுக்கு அனுப்பப்பட்டு வெர்சாயில் தொழில் பயின்றார். மாலை வேளைகளில் பாரிசின் மசாரின் கல்லூரியில் கணிதம் படித்தார். கையும் கணக்கும் இப்படி ஒரே ஆளிடம் சேர்ந்ததுதான் பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது. அக்காலத்தில் கைத்திறன் மிக்கவர்கள் பலர் இருந்தார்கள். ஏன் ஒரு கடிகாரம் பிந்துகிறது என்று கணக்கிட்டுச் சொல்லக்கூடியவர்கள் சிலரே.

1775-இல் திருமணம். அதே ஆண்டில் பாரிசின் நடுவே, சேன் நதித் தீவின் கரையில், தம் பட்டறையைத் திறந்தார். அந்தத் தெருவின் பெயரே கடிகாரத் துறை என்று பொருள்படும்! ஐந்தே ஆண்டுகளில் மனைவி இறந்துபோனார். சிறு வயது மகன் அந்துவான் லூயி மட்டும் மிஞ்சினான். பிரெகே மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அந்த ஆண்டுகளில்தான் அவருடைய பெயர் அரண்மனையை எட்டியது. நடக்கும்போது ஏற்படும் அசைவாலேயே தானாகச் சாவி ஏறிக்கொள்ளும் கடிகாரத்தை 1780 வாக்கில் செய்து கொடுத்தார். அவருக்கு முன்பே அதில் முயன்றவர்கள் உண்டு. ஆனால் நம்பிக்கையோடு பையில் போட்டுக்கொண்டு திரியும்படி அதைச் செம்மைப்படுத்தியவர் இவர். மணியடிக்கும் கடிகாரங்களில் கனமான மணிக்குப் பதிலாக வளைந்த எஃகுக் கம்பியை வைத்து, கடிகாரத்தின் தடிமனைக் குறைத்தார். முனைக்கு அருகே சிறு வட்டத் துளையுடைய மெல்லிய முட்களும் அவர் வரைந்தவையே. இன்றும் எத்தனையோ நிறுவனங்களின் கடிகாரங்களில் அந்த முட்களைக் காணலாம்.

1783-இல் வந்தது அந்தப் புகழ்பெற்ற கேட்பு. இராணி மேரி அன்டோனெட்டுக்காக ஒரு கடிகாரம் வேண்டும்; அன்றைக்கு அறியப்பட்ட எல்லா நுட்பங்களும் அதில் இருக்க வேண்டும்; முடிந்த இடத்திலெல்லாம் பிற உலோகத்துக்குப் பதிலாகப் பொன் இருக்க வேண்டும்; செலவுக்கும் காலத்துக்கும் வரம்பு இல்லை. கேட்டவர் இராணியின் மெய்க்காவல் படை அதிகாரி ஒருவர் என்று சொல்லப்படுகிறது. பட்டறை ஏட்டில் அதற்கு இடப்பட்ட எண் 160.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே புரட்சி வெடித்தது. பிரபுக்களுக்குக் கடிகாரம் செய்பவர் என்ற பெயரே உயிருக்கு ஆபத்தான காலம். இங்கே ஒரு விந்தை. புரட்சியின் தீவிரத் தலைவர்களுள் ஒருவரான மாரா, நூஷாத்தெல் பகுதியில் பிறந்தவர், பிரெகேயின் நண்பர். ஒருமுறை கூட்டம் மாராவைக் கொல்லச் சூழ்ந்தபோது, பிரெகே அவருக்குக் கிழவி வேடம் போட்டுக் கையைப் பிடித்து வெளியே அழைத்துச் சென்றார் என்று ஒரு கதை வழங்குகிறது. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் 1793 ஜூனில் பிரெகே அனுமதிச் சீட்டோடு பாரிசை விட்டுத் தப்பியது வரலாறு. அடுத்த மாதமே மாரா குத்திக் கொல்லப்பட்டார். அக்டோபர் 16-ஆம் நாள் இராணியின் தலை வெட்டப்பட்டது. 160-ஆம் எண்ணுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போயிற்று.

சுவிட்சர்லாந்தில் கழிந்த இரண்டு ஆண்டுகள் பிரெகேக்குச் சிந்திக்கும் ஆண்டுகளாயின. 1795-இல் பாரிசுக்குத் திரும்பியதும் ஒன்றன்பின் ஒன்றாகப் புதுமைகள் வெளிவந்தன. அவற்றுள் தலையாயது தூர்பியோன். பிரெஞ்சு மொழியில் சுழற்காற்று என்று பொருள். சட்டைப் பையில் கடிகாரம் எப்போதும் நின்ற நிலையிலேயே இருக்கும். உள்ளே ஊசலாடும் சக்கரத்தைப் புவியீர்ப்பு எந்நேரமும் ஒரே பக்கமாக இழுப்பதால் கடிகாரம் முந்தும் அல்லது பிந்தும். பிரெகே அந்தச் சக்கரத்தையும் அதை முடுக்கும் உறுப்புகளையும் ஒரு சிறு கூண்டில் வைத்து, கூண்டையே சுழல விட்டார். ஒரு பக்கம் நேரும் பிழையை மறுபக்கம் நேரும் பிழை ஈடு செய்துவிடும். பிழையை நீக்க முடியாவிட்டால் அதைச் சமப்படுத்திவிடலாம் என்ற எண்ணம்! 1801 ஜூன் 26-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

அரசர்களை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதையும் புரட்சி அவருக்குக் காட்டியிருந்தது. ஒரே முள் கொண்ட எளிய கடிகாரம் ஒன்றை வடிவமைத்து, விலையில் கால் பங்கை முன்பணமாகப் பெற்றுக்கொண்டு செய்து கொடுத்தார். புகழ் பெருகப் பெருகப் போலிகளும் பெருகின. அதற்கு அவர் கண்ட வழி, முகப்பில் தம் கையொப்பத்தை மயிரிழை அளவில் கீறி வைப்பது. நேராகப் பார்த்தால் தெரியாது. சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.

வைரத்தையும் அவர் ஒதுக்கவில்லை. இருட்டில் தடவியே நேரம் அறியும் கடிகாரம் ஒன்றை 1799 வாக்கில் உருவாக்கினார். மூடியின் மேலுள்ள அம்பை மெல்லத் திருப்பினால் அது ஓரிடத்தில் நிற்கும். விளிம்பிலுள்ள குமிழ்களை விரலால் எண்ணினால் மணி தெரிந்துவிடும். நெப்போலியனின் மனைவி ஜோசஃபின் வைத்திருந்த கடிகாரத்தில் நீல மெருகுப் பூச்சின் மேல் அந்த அம்பும் குமிழ்களும் வைரத்தால் ஆனவை. அவை அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டவையா? விரல் தேடும் இடத்தில் கல் இருக்கிறது. வைரத்துக்குக் கடிகாரத்தில் இதைவிடப் பொருத்தமான வேலை கொடுக்கப்பட்டதாக நான் அறியேன்.

இலண்டன் நகரின் ஜான் அர்னால்டு தொழிலில் அவருக்கு நிகரானவர். போட்டியாளராக இருந்திருக்க வேண்டியவர். ஆனால் இருவரும் நண்பர்கள். இவர் மகன் அவரிடமும் அவர் மகன் இவரிடமும் தொழில் கற்றார்கள். அர்னால்டு 1799-இல் இறந்தார். பிரெகே தம் முதல் தூர்பியோன்களுள் ஒன்றை அர்னால்டு செய்த கடிகாரம் ஒன்றுக்குள்ளேயே பொருத்தி, நினைவுப் பரிசாக 1808-இல் அவருடைய மகனிடம் கொடுத்தார். அது இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிற்காலத்தில் பதவிகளும் விருதுகளும் வந்தன. பிரெஞ்சுக் கடற்படையின் கடிகாரர் ஆனார். 1816-இல் அறிவியல் கழகத்தில் உறுப்பினர் ஆனார். 1823 செப்டம்பர் 17-ஆம் நாள் மறைந்தார். 160 அப்போதும் முடியவில்லை. கேட்டவர் இல்லை, அணிய வேண்டியவர் இல்லை, செய்யத் தொடங்கியவரும் இல்லை. ஆனாலும் மகனின் பொறுப்பில் இருந்த பட்டறை அதைக் கைவிடவில்லை. 1827-இல், கேட்கப்பட்ட 44 ஆண்டுகளுக்குப் பிறகு, 823 உறுப்புகளோடு அது முழுமை பெற்றது. அதிலும் கற்கள் உண்டு. ஆனால் அவை தேய்மானத்தைத் தடுக்கச் சக்கர அச்சுகள் சுழலும் இடங்களில் வைக்கப்பட்ட நீலக்கற்கள்.

பிறகு அது சேகரிப்பாளர்களின் கைக்குப் போனது. 1917-இல் அதை வாங்கிய ஆங்கிலேயர் சர் டேவிட் லயனல் சாலமன்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட பிரெகே கடிகாரங்களைச் சேர்த்ததோடு, 1921-இல் பிரெகேயைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். அவருடைய மகள் ஜெருசலேமில் நிறுவிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்கு அத்தொகுப்பின் பெரும்பகுதி சென்றது. 1983 ஏப்ரலில் ஒரு திருடன் உள்ளே புகுந்து 106 பொருள்களை அள்ளிச் சென்றான். அவற்றுள் 160-உம் ஒன்று. அத்தனை புகழ்பெற்ற பொருளை எங்கே விற்பது? விற்க முடியாமலேயே 2004-இல் அவன் இறந்துபோனான். 2006-இல் அவனுடைய மனைவியின் சார்பில் ஒரு வழக்கறிஞர் வழியாக 39 பொருள்கள் அருங்காட்சியகத்துக்குத் திரும்பின; 160-உம் வந்து சேர்ந்தது. இதற்கிடையே பிரெகே நிறுவனம் பழைய வரைபடங்களையும் படங்களையும் வைத்து அதே போன்ற இன்னொன்றைச் செய்யத் தொடங்கி, 2008-இல் முடித்தும் விட்டது.

பிரெகே கடிகாரங்களைச் சேகரிப்பாளர்கள் விரும்புவதற்கு அவருடைய விற்பனை ஏடுகளும் ஒரு காரணம். எந்த எண், யாருக்கு, எப்போது என்று அவற்றில் எழுதியிருக்கும். நெப்போலியனின் தங்கையும் நேப்பிள்ஸ் நாட்டு அரசியுமான கரோலின் மூரா 1810-இல் கையில் கட்டிக்கொள்ளும் கடிகாரம் ஒன்றைக் கேட்டதும், 1812-இல் அது முடிந்ததும் அந்த ஏடுகளால்தான் தெரிய வந்தன. நீள்வட்ட வடிவம், மணியடிக்கும் பொறி, மயிரும் பொன்னிழையும் பின்னிய பட்டை. எண் 2639. கையில் கட்டவென்றே செய்யப்பட்ட கடிகாரங்களுள் நமக்குத் தெரிந்த மிகப் பழையவற்றில் அது ஒன்று. 1855-இல் பழுது பார்க்க வந்ததாகக் கடைசிக் குறிப்பு இருக்கிறது. அதற்குப் பிறகு அது எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.