ஓட்டுக்காக சிறையில் பட்டினி கிடந்த தாய்! யார் இந்த எம்மலின் பாங்கர்ஸ்ட்?

பிரிட்டன் பெண்களுக்கு ஓட்டுரிமை சும்மா கிடைத்துவிடவில்லை. அதற்காகப் பலமுறை சிறைக்குப் போனவர் எம்மலின் பாங்கர்ஸ்ட்.

1858-ல் மான்செஸ்டரில் பிறந்தவர். 1898-ல் கணவர் இறந்ததும், குடும்பத்தைக் காப்பாற்ற பிறப்பு, இறப்பு பதிவாளர் வேலைக்குப் போனார். சின்ன வயசுப் பெண்கள்கூட கைக்குழந்தையோடு பதிவு செய்ய வந்து நின்றார்கள். சட்டம் போடுற இடத்தில் பெண்ணுக்குக் குரல் இல்லாதவரை இந்த நிலை மாறாது என்று அவருக்குப் புரிந்தது.

1903-ல் பெண்கள் சமூக, அரசியல் சங்கத்தைத் தொடங்கினார். ஊர்வலம் போயும் பலனில்லை. ஜன்னல் கண்ணாடி உடைப்பு, தீவைப்பு வரை போராட்டம் போனது. இது சரியா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

அது என்ன 'பூனை-எலி' சட்டம்?

சிறையில் உண்ணாவிரதம் இருந்த பெண்களுக்கு குழாய் சொருகி வலுக்கட்டாயமாக உணவு செலுத்தினார்கள். எதிர்ப்பு கிளம்பவே, 1913-ல் புதுச் சட்டம் வந்தது. உடம்பு மோசமானால் விடுதலை. தேறியதும் மறுபடி கைது! எம்மலினும் இப்படித்தான் அலைக்கழிக்கப்பட்டார்.

1918-ல் ஓட்டுரிமை வந்தது. ஆனால், ஆண்களுக்கு 21 வயது போதும். பெண்களுக்கு 30 வயதும் சொத்துத் தகுதியும் வேண்டும்.

1928 ஜூன் 14-ல் எம்மலின் காலமானார். ஜூலை 2-ல் 21 வயதுப் பெண்களுக்கும் சம ஓட்டுரிமை தரும் சட்டம் நிறைவேறியது. இடையில் வெறும் 18 நாள்தான்.