கருவின் வளர்ச்சியை ஆராய்ந்த அறிஞர் வான் பேயர்

அடைக்கு வைத்த முட்டை 21 நாளில் குஞ்சு பொரிப்பதை நம் தோட்டத்தில் அறியாத பிள்ளை இல்லை. அந்நாள்களில் ஓட்டுக்குள் நிகழ்வதை அறியத் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைத் தந்தவர் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர். அன்னாரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பேயர் 1792-ஆம் ஆண்டு, அந்நாளில் ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த எஸ்தோனியாவில் பிறந்தார். டோர்பாட்டில் மருத்துவம் கற்றபின் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரம் சென்றார். அங்கே கோழிக்கருவை ஆராயும் வாய்ப்பு வந்தது. ஆனால் முட்டைகளுக்கும் ஓவியருக்கும் பெரும்பொருள் வேண்டியிருந்தது. ஆகவே செல்வம் படைத்த நண்பர் பாண்டரிடம் அப்பணியை விட்டுக்கொடுத்தார். கரு முதலில் மெல்லிய அடுக்குகளாக அமைந்து, அவற்றினின்றே உறுப்புகள் தோன்றுகின்றன என்பதைப் பாண்டர் 1817-இல் வெளியிட்டார்.

பின்னர்க் கோனிக்ஸ்பர்க் நகரில் ஆசிரியரான பேயர், அந்த ஆராய்ச்சியைப் பிற விலங்குகளுக்கும் விரித்தார். குட்டி போடும் விலங்குகள் எதிலிருந்து உருவாகின்றன என்பது அக்காலத்தில் பெரும்புதிர். 1672-இல் டி கிராஃப் விவரித்த, சூலகத்திலுள்ள நீர்ப்பைகளையே முட்டைகள் எனப் பலர் நம்பினர். 1827-இல் உடன் பணியாற்றிய புர்டாக் தம் வீட்டு நாயை ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். அந்நாய் உயிரிழந்ததை நாம் மறைப்பதற்கில்லை. அதன் நீர்ப்பையினுள் மஞ்சள் நிறப் புள்ளி ஒன்று தெரிந்தது. பேயர் அதைக் கத்திமுனையில் எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார், திடுக்கிட்டுப் பின்வாங்கினார். மீண்டும் நோக்கத் துணிவு வரச் சற்று நேரமாயிற்று. அதுவே பாலூட்டியின் உண்மையான முட்டை!

மற்றொரு நிகழ்ச்சியும் சுவையானது. சாராயத்தில் இட்டு வைத்த இரு சிறு கருக்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்ட மறந்துவிட்டார். பின்னர் எடுத்துப் பார்த்தபோது, அவை பல்லியினமா, பறவையா, பாலூட்டியா என்று அவராலேயே கூற இயலவில்லை. ஒட்டாதது பிழைதான்; ஆயினும் அப்பிழை ஓர் உண்மையை விளக்கிற்று. முதுகெலும்புள்ள உயிர்களின் கருக்கள் தொடக்கத்தில் ஒத்திருக்கின்றன. வளர வளரவே வேறுபடுகின்றன. 1828-இல் வெளியான தம் நூலின் முதற்பகுதியில் இதனை விளக்கினார்.

இவ்வுழைப்புக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. ஓராண்டு வெளியே பனி கிடந்தபோது ஆய்வில் அமர்ந்தவர், மீண்டும் நகர எல்லைக்கு நடந்து சென்றபோது வயலில் கதிர் முற்றியிருக்கக் கண்டார். வசந்தம் முழுவதும் அறியாமலே கழிந்துவிட்டதே என்று தரையில் விழுந்து தம்மையே நொந்துகொண்டார். உடல்நலமும் குன்றியது. 1834-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்றபின் மீன்வளம், நில ஆய்வு எனப் பிற துறைகளில் ஈடுபட்டார். இரண்டாம் பகுதியை அவர் முடித்துத் தராததால், 1837-இல் பதிப்பாளர் அதனைக் குறையாகவே வெளியிட்டார்.

1876-இல் டோர்பாட்டில் பேயர் இயற்கை எய்தினார். எஞ்சிய பக்கங்கள் 1888-இல்தான் அச்சேறின.