ஜான் மோசஸ் பிரௌனிங்

ஜான் மோசஸ் பிரௌனிங் (ஜனவரி 23, 1855 - நவம்பர் 26, 1926) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த துப்பாக்கி வடிவமைப்பாளர் ஆவார். உலகில் மிகுதியாகப் பயன்பட்ட கைத்துப்பாக்கிகள், ரைஃபிள்கள், சிதறு துப்பாக்கிகள், இயந்திரத் துப்பாக்கிகள் பலவற்றை இவர் வடிவமைத்தார். இவர் பெயரில் 128 காப்புரிமங்கள் உள்ளன. துப்பாக்கிகளுடன் அவற்றுக்குரிய தோட்டாக்களையும் இவர் உருவாக்கினார். ஒரே கைத்துப்பாக்கியைக் குழல் மாற்றி இரு வேறு அளவுத் தோட்டாக்களுக்குப் பயன்படுத்தும் முறையை எளிய வடிவில் நடைமுறைப்படுத்தியவர்களுள் இவர் முக்கியமானவர். மணியாச்சி நிகழ்வின் வழியாகத் தமிழக வரலாற்றிலும் இவரது பெயர் இடம்பெறுகிறது.

பிறப்பும் இளமையும்

பிரௌனிங் யூட்டா மாநிலத்தில் உள்ள ஆக்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜானத்தன் பிரௌனிங் துப்பாக்கி செய்யும் கொல்லர். மோர்மன் சமயத்தைத் தழுவிய அவர் 1852 இல் ஆக்டனில் குடியேறினார். அவருக்கு மூன்று மனைவியரும் 22 பிள்ளைகளும் இருந்தனர்.

ஜான் ஏழு வயதிலேயே தந்தையின் பட்டறையில் வேலை செய்யத் தொடங்கினார். பழுதான துப்பாக்கிகளின் உதிரிப் பாகங்களே இவரது விளையாட்டுப் பொருட்கள். சிறுவனாக இருந்தபோதே கழித்துப் போட்ட இரும்புத் துண்டுகளைக் கொண்டு ஒரு துப்பாக்கியைச் செய்தார். முறையான பொறியியல் கல்வி எதையும் இவர் பெறவில்லை. காகிதத்தில் வரைபடம் தீட்டுவதைவிட, மனதில் முழு இயக்கத்தையும் ஓட்டிப் பார்த்து நேராக உலோகத்தில் வெட்டி எடுப்பதே இவரது வழக்கமாக இருந்தது.

1879 இல் இவர் வாழ்வில் மூன்று நிகழ்வுகள் அடுத்தடுத்து நேர்ந்தன. ரேச்சல் தெரசா சைல்டு என்பவரை மணந்தார், தந்தை இறந்தார், அக்டோபர் 7 அன்று ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கான இவரது முதல் காப்புரிமம் வழங்கப்பட்டது. குடும்பப் பொறுப்பை ஏற்ற இவர், தம்பி மாத்யூவுடனும் பிற சகோதரர்களுடனும் சேர்ந்து ஆக்டனில் ஒரு சிறு தொழிற்கூடத்தை அமைத்து அந்த ரைஃபிளைத் தயாரித்து விற்றார்.

வின்செஸ்டர் நிறுவனத்துடன்

இந்த ரைஃபிள்களுள் ஒன்று வின்செஸ்டர் நிறுவனத்தாரின் பார்வைக்குச் சென்றது. நிறுவனத்தின் டி. ஜி. பென்னட் 1883 இல் ஆக்டனுக்கு நேரில் வந்து, அந்த வடிவமைப்பின் உரிமையை 8,000 டாலருக்கு வாங்கினார். இதிலிருந்து பத்தொன்பது ஆண்டுகள் நீடித்த உறவு தொடங்கியது. 1886, 1892, 1894, 1895 ஆம் ஆண்டு மாதிரி ரைஃபிள்களும் 1887, 1897 ஆம் ஆண்டு மாதிரிச் சிதறு துப்பாக்கிகளும் இக்காலத்தில் உருவானவை. 1894 மாதிரி ரைஃபிள் மட்டும் பிற்காலம் வரை 70 இலட்சத்திற்கும் மேல் தயாரிக்கப்பட்டது.

பிரௌனிங் இந்நிறுவனத்திற்கு 44 வடிவமைப்புகளை விற்றார். இவற்றுள் பல தயாரிக்கப்படவே இல்லை. போட்டியாளர் கையில் அவை சிக்கக்கூடாது என்பதற்காகவே வின்செஸ்டர் அவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் ஒரு தொகை கொடுத்து உரிமை முழுவதையும் வாங்குவதே அந்நிறுவனத்தின் நடைமுறை. எத்தனை இலட்சம் துப்பாக்கிகள் விற்றாலும் வடிவமைத்தவருக்கு மேற்கொண்டு எதுவும் கிடைக்காது.

தானியங்கி இயக்கம்

1889 இல் துப்பாக்கிச் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குழல் வாயிலிருந்து வெளிப்படும் வளிமம் அருகிலிருந்த புற்களை வளைப்பதைப் பிரௌனிங் கவனித்தார். வீணாகும் இந்த ஆற்றலைக் கொண்டே துப்பாக்கி தன்னைத் தானே மீண்டும் நிரப்பிக்கொள்ளச் செய்யலாம் என்று கருதினார். இதன் விளைவாக, வளிமத்தால் இயங்கும் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கினார். கோல்ட் நிறுவனம் இதனை 1895 மாதிரியாக வெளியிட்டது.

அடுத்து இவரது கவனம் கைத்துப்பாக்கிகளின் மீது திரும்பியது. இன்றைய பெரும்பாலான கைத்துப்பாக்கிகளில் காணப்படும் ஸ்லைடு எனும் அமைப்பு இவருடைய பங்களிப்பாகும். குழலை மூடியபடி முன்னும் பின்னும் நகரும் இந்த மேலுறை, சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றுகிறது.

1897 இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகே ஹெர்ஸ்டலில் உள்ள எஃப். என். நிறுவனத்துடன் இவர் ஒப்பந்தம் செய்துகொண்டார். 1889 இல் ரைஃபிள்கள் தயாரிக்கத் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் புதிய பொருளைத் தேடிக்கொண்டிருந்தது. .32 ஏ.சி.பி. தோட்டாவைப் பயன்படுத்தும் 1900 மாதிரிக் கைத்துப்பாக்கி பல இலட்சம் விற்பனையானது. பிரெஞ்சு மொழியில் பிரௌனிங் என்ற சொல்லே கைத்துப்பாக்கியைக் குறிக்கும் அளவிற்கு அது பரவியது.

1902 ஆம் ஆண்டுப் பிரிவு

தானாக நிரப்பிக்கொள்ளும் சிதறு துப்பாக்கி ஒன்றைப் பிரௌனிங் உருவாக்கியபோது அதன் மதிப்பை நன்கு உணர்ந்திருந்தார். இம்முறை ஒட்டுமொத்த விற்பனைக்கு உடன்படாமல், விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் உரிமத்தொகை கேட்டார். வின்செஸ்டர் மறுத்தது. நீண்ட கால உறவு அத்துடன் முறிந்தது.

பின்னர் அவர் ரெமிங்டன் நிறுவனத்தின் தலைவர் மார்செலஸ் ஹார்ட்லியைக் காணச் சென்றார். பிரௌனிங் காத்திருந்த அன்றே, 1902 ஜனவரி 8 இல், ஹார்ட்லி மாரடைப்பால் காலமானார். பிரௌனிங் தம் துப்பாக்கியுடன் கப்பலேறிப் பெல்ஜியம் சென்றார். எஃப். என். அதனை ஏற்றது. ஆட்டோ-5 எனப்பட்ட அத்துப்பாக்கி 1998 வரை தயாரிப்பில் இருந்தது.

.45 கைத்துப்பாக்கி

பிலிப்பைன்சில் நடந்த போரில் .38 சுழல் கைத்துப்பாக்கிகள் போதிய வலுவின்றி இருந்ததாக அமெரிக்கப் படையினர் முறையிட்டனர். பெரிய தோட்டா வேண்டும் என்ற தேவைக்காக .45 ஏ.சி.பி. தோட்டாவையும் அதற்கான கைத்துப்பாக்கியையும் பிரௌனிங் வடிவமைத்தார். 1911 மார்ச்சு மாதம் நடந்த சோதனையில் ஒரே துப்பாக்கியிலிருந்து 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. சூடேறியபோது அதனைத் தண்ணீரில் அமிழ்த்திவிட்டு மீண்டும் சுட்டனர். அது ஒருமுறைகூடத் தடைபடவில்லை. மார்ச்சு 29, 1911 இல் அமெரிக்கப் படை இதனை ஏற்றது. 1985 இல் வேறு துப்பாக்கி தேர்ந்தெடுக்கப்படும் வரை இதுவே அப்படையின் முதன்மைக் கைத்துப்பாக்கியாக இருந்தது.

குழல் மாற்றக்கூடிய கைத்துப்பாக்கிகள்

துப்பாக்கிக் குழலின் உள்விட்ட அளவு காலிபர் எனப்படும். .32 என்பது ஓர் அங்குலத்தை நூறாகப் பகுத்தால் 32 பங்கு என்று பொருள்படும். பெயரில் உள்ள எண் உண்மையான அளவுடன் எப்போதும் துல்லியமாகப் பொருந்துவதில்லை.

பிரௌனிங் வடிவமைத்த எஃப். என். 1910 மாதிரி, .32 ஏ.சி.பி., .380 ஏ.சி.பி. ஆகிய இரு தோட்டாக்களுக்கும் கிடைத்தது. குழலை மட்டும் மாற்றி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். இதற்குக் காரணம் தோட்டாக்களின் வடிவமைப்பிலேயே உள்ளது. இரண்டின் கூடும் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளம் கொண்டது. தோட்டாவின் அடிவிளிம்பு ஒன்றில் 9.1 மில்லிமீட்டர், மற்றொன்றில் 9.5 மில்லிமீட்டர். எனவே வெற்றுக்கூட்டைப் பற்றி இழுக்கும் கொக்கி இரண்டையும் பிடிக்கும். ஸ்லைடின் எடையும் சுருள்வில்லின் விசையுமே குழலின் பின்புறத்தை மூடி வைக்கும் எளிய இயக்கம் என்பதால் வேறு பூட்டும் அமைப்பு தேவைப்படவில்லை. தோட்டாக்களின் எண்ணிக்கையில் மட்டும் வேறுபாடு உண்டு: .32 இல் ஏழு, .380 இல் ஆறு.

.45 கைத்துப்பாக்கியை .22 தோட்டாவுக்கு மாற்றுவது இவ்வளவு எளிதன்று. .22 தோட்டாவில் நடுவில் அடிக்கப்படும் தீமூட்டி இல்லை. விளிம்பில் அடிக்க வேண்டும். அதன் பின்னுதைப்பு கனமான ஸ்லைடை நகர்த்தப் போதாது. எனவே ஸ்லைடு, குழல், தோட்டாப் பெட்டி ஆகியவற்றையும் மாற்ற வேண்டும். பிரௌனிங்கின் மறைவுக்குப் பின், டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ் என்பவர் தோட்டா அறையே சிறிது பின்னோக்கி நகர்ந்து ஸ்லைடை உந்தும் அமைப்பைக் கண்டுபிடித்தார். இதைக் கொண்டு கோல்ட் நிறுவனம் 1938 இல் மாற்றுத் தொகுதியை வெளியிட்டது. மலிவான தோட்டாவைக் கொண்டு, கைக்குப் பழகிய அதே பிடியுடன் பயிற்சி பெறுவதே இதன் நோக்கமாகும்.

இத்தகைய துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பொதுவாகக் கருதும் கூறுகள் வருமாறு:

* இரு தோட்டாக்களின் நீளமும் அடிவிளிம்பும் எவ்வளவு நெருக்கமானவை
* மாற்ற வேண்டிய பாகங்கள் எத்தனை
* இயக்கம் வெறும் எடையால் மூடப்படுவதா, பூட்டப்படுவதா
* குழலை மாற்றியபின் குறிநோக்கி பொருந்தி நிற்கிறதா
* குழலின் மீது அளவு தெளிவாகப் பொறிக்கப்பட்டுள்ளதா

கடைசிக் கூறு பாதுகாப்பு தொடர்பானது. ஓர் அளவுக் குழலில் வேறு அளவுத் தோட்டாவை இட்டுச் சுடுவது துப்பாக்கியையும் சுடுபவரையும் சிதைக்கக்கூடும்.

இந்தியாவில் இத்தேர்வைச் சட்டமே பெரிதும் தீர்மானிக்கிறது. 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி ஆயுதம் என்பது அதன் பாகங்களையும் உள்ளடக்கும். உரிமம் இன்றிச் சுடுகலன்களை மாற்றியமைப்பதும் குற்றமாகும். 9 மில்லிமீட்டர் போன்ற அளவுகள் தடைசெய்யப்பட்டவை. .32 தடைசெய்யப்படாத அளவு என்பதால், உரிமம் பெற்றோர் வைத்திருக்கும் கைத்துப்பாக்கிகளில் பிரௌனிங்கின் இந்தத் தோட்டாவும் காணப்படுகிறது. வேறு நாடுகளில் வசதியாகக் கருதப்படும் கூடுதல் குழல் ஒன்று, இங்கு உரிமம் பெற்றவரையும் குற்றவாளியாக்கிவிடக்கூடும்.

இந்தியாவுடனும் தமிழகத்துடனும் தொடர்பு

1909 இல் வி. தா. சாவர்க்கர் இலண்டனிலிருந்து இருபது பிரௌனிங் கைத்துப்பாக்கிகளை இந்தியாவுக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்றைக் கொண்டு, அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று அனந்த் கன்ஹேரே நாசிக் ஆட்சியர் ஜாக்சனைச் சுட்டுக் கொன்றார்.

ஜூன் 17, 1911 இல் செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன், திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் துரையை மணியாச்சி தொடர்வண்டி நிலையத்தில் சுட்டுக் கொன்று, தம்மையும் சுட்டு மாய்த்துக்கொண்டார். அவர் பயன்படுத்தியது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கியாகும். ஆக்டன் பட்டறைக்காரரின் படைப்பு அமெரிக்கப் படையில் ஏற்கப்பட்டு மூன்று மாதம் கூட நிறையாத நேரம் அது. வாஞ்சிநாதன் புதுச்சேரியில் வ. வே. சு. ஐயரிடம் பயிற்சி பெற்றவர்.

ஜூன் 28, 1914 இல் சாராயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டைக் கொன்ற காவ்ரிலோ பிரின்சிப், .380 அளவுள்ள 1910 மாதிரியைப் பயன்படுத்தினார். அந்நிகழ்வே முதலாம் உலகப் போருக்கு உடனடிக் காரணமாயிற்று. ஜனவரி 30, 1948 இல் மகாத்மா காந்தியைக் கொன்ற துப்பாக்கி இத்தாலியின் பெரெட்டா ஆயினும், அதன் தோட்டா பிரௌனிங் 1908 இல் வெளிக்கொணர்ந்த .380 ஆகும்.

இறுதிக் காலம்

அமெரிக்கா 1917 இல் முதலாம் உலகப் போரில் நுழைந்தபோது, 1917 மாதிரி இயந்திரத் துப்பாக்கியும் பிரௌனிங் தானியங்கி ரைஃபிளும் தயாராக இருந்தன. அரசுக்கு இவற்றின் உரிமையை, உரிமத்தொகையாகக் கிடைக்கக்கூடியதைவிட மிகக் குறைந்த தொகைக்குப் பிரௌனிங் விட்டுக்கொடுத்தார். வின்செஸ்டரிடம் உரிமத்தொகைக்காக உறவையே முறித்தவர் இவர் என்பது இங்கு ஒப்பிடத்தக்கது.

தம் வாழ்நாள் முழுதும் துணையாக இருந்த தம்பி மாத்யூ 1923 இல் காலமானார். அதே ஆண்டு பிரௌனிங் அதிகத் தோட்டாக்கள் கொள்ளும் புதிய கைத்துப்பாக்கி ஒன்றுக்குக் காப்புரிமம் கோரி விண்ணப்பித்தார். நவம்பர் 26, 1926 இல் ஹெர்ஸ்டலில் எஃப். என். ஆலையில் பணியில் இருந்தபோது இதயம் செயலிழந்து, மகன் வால் பிரௌனிங்கின் அலுவலக அறையில் உயிர் நீத்தார். அந்தக் காப்புரிமம் அவர் மறைந்து மூன்று மாதங்களுக்குப் பின்னர் 1927 இல் வழங்கப்பட்டது.

அவர் விட்டுச்சென்ற பணியை எஃப். என். வடிவமைப்பாளர் டியூடோனே சைவ் தொடர்ந்தார். 13 தோட்டாக்கள் கொள்ளும் அத்துப்பாக்கி 1935 இல் ஹை-பவர் என்னும் பெயரில் வெளிவந்தது. கனடாவின் இங்கிலிஸ் நிறுவனம் செய்த வடிவத்தைப் பின்பற்றி, மேற்கு வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை இதனை இந்தியப் படைகளுக்காகத் தயாரித்தது.